ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தலைமுறை எத்தனை வருடம் ஓடும்? கணிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போனால், வாரம் முழுக்க அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் துணி போர்த்திக் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்களை வரிசையாகப் பார்க்கலாம். டீக்கடை வாசலில் நிற்கும் பையன்கள் விலை என்ன, எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். எனக்கு முதலில் வருவது வேறொரு கேள்வி. இந்த மாடல் இன்னும் எத்தனை வருடம் தயாரிப்பில் இருக்கும்?

வாங்க நினைப்பவருக்கு இது காசு விஷயம். ஆறு மாதத்தில் புது மாடல் வரப்போகும் வண்டிக்கு இன்று முழு விலை கொடுத்தால் நஷ்டம். இனிமேல் இந்த மாதிரி வரவே வராது என்று தெரிந்து கடைசி வண்டியை வாங்கி வைத்துக்கொண்டால் அது வேறு கணக்கு. அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உதிரிபாகத் தொழிலில் இருப்பவருக்கு இது பிழைப்பு விஷயம். நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

பல வருடம் முன்பு அம்பத்தூரில் ஒரு அலுமினிய டை காஸ்டிங் யூனிட்டில் கொட்டேஷன் போடும் வேலையில் இருந்தேன். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்குப் போகும் சின்ன பிராக்கெட். ஏழு வருடம் ஓடும் என்று வாங்குபவர் தரப்பில் சொன்னார்கள். டைக்கு, அதாவது வார்க்கும் அச்சுக்கு, ஆன செலவை ஏழு வருடத்துக்குப் பரப்பி விலை போட்டுக் கொடுத்தேன். ஐந்தாவது வருடம் ஷெட்யூல், அதாவது எத்தனை துண்டு வேண்டும் என்ற ஆர்டர், வரவில்லை. வண்டியையே நிறுத்திவிட்டார்கள். டைக்குப் போட்ட காசில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. டூல் ரூமில் இருந்த மூத்தவர் ஒருவர் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ அந்த வண்டியையே பாத்துக்கிட்டு இருந்திருக்க. அதே லைன்ல கூட எந்த வண்டி ஓடுதுன்னு பாத்தியா?" என்றார். "இல்லண்ணே" என்றேன். கூட ஓடிய செடானை முந்தைய வருடமே நிறுத்தியிருந்தார்கள். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. நான் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய செய்தியை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். கீழே சொல்லும் முறை அந்த நோட்டிலிருந்து வந்தது. இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், கூட்டல் வகுத்தல் போதும். பொறுமைதான் நிறைய வேண்டும்.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. ஒரு வண்டியை உலகுக்குக் காட்டும் நாள் ஒன்று, தொழிற்சாலையில் முதல் வண்டி இறங்கும் நாள் ஒன்று, ஷோரூமுக்கு வரும் நாள் ஒன்று. தொழிலில் இருப்பவர்கள் பேசுவது நடுவில் உள்ளதை. தயாரிப்பு தொடங்கும் நாளை எஸ்.ஓ.பி. என்பார்கள், முடியும் நாளை ஈ.ஓ.பி. என்பார்கள். நீங்களும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தையே எண்ணப் பழகுங்கள்.

அமெரிக்க வண்டிகளில் 'மாடல் வருடம்' என்று ஒன்று கூடச் சேரும். 2015 மாடல் மஸ்டாங் 2014லேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டது. கார்வெட்டில் இதைவிட விசித்திரம். மூன்றாம் தலைமுறை 1982 மாடலோடு முடிந்தது, நான்காவது 1984 மாடலாக வந்தது. 1983 மாடல் என்று ஒரு வண்டிகூட விற்கப்படவில்லை. சோதனைக்காகச் செய்ததில் ஒன்றே ஒன்று மிஞ்சி, கென்டக்கியில் கார்வெட் மியூசியத்தில் நிற்கிறது. மாடல் வருடத்தையும் காலண்டர் வருடத்தையும் கலந்து எண்ணினால் கணக்கு ஒரு வருடம் தப்பும். ஏழெட்டு வருட ஆயுளில் ஒரு வருடம் என்பது பெரிய தப்பு.

அடுத்து, தலைமுறை என்றால் ஒரு வண்டியை அடியிலிருந்து புதிதாக வடிவமைத்துக் கொண்டுவரும் ஒவ்வொரு பதிப்பு. பெயர் மாறினால் தலைமுறை மாறிவிட்டது என்று நம்பாதீர்கள். போர்ஷ பாக்ஸ்டரின் 981 தலைமுறை 2012ல் வந்தது. 2016ல் 718 என்று புதுப் பெயர் வைத்து, உள்குறியீட்டையும் 982 என்று மாற்றி, நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினைப் போட்டார்கள். ஆனால் அடியில் இருக்கும் உடல் (பிளாட்பார்ம் என்பார்கள்) பெரும்பாலும் பழையதுதான். நிசானில் வேறு மாதிரி. 2022ல் புதிதாக விற்பனைக்கு வந்த 'இஸட்' பார்க்க முற்றிலும் வேறு வண்டி. அதன் குறியீடு ஆர்இஸட்34. 2008 இறுதியில் வந்த 370இஸட்டின் குறியீடு இஸட்34. அடியில் இருப்பது பழைய உடல்தான் என்பதைக் குறியீடே சொல்லிவிடுகிறது. என் நோட்டில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன், விற்கும் பெயரின் வயதுக்கு ஒன்று, அடியில் உள்ள உடலின் வயதுக்கு ஒன்று. ஆயுளைக் கணிக்க இரண்டாவதுதான் அதிகம் உதவும்.

படி 2: குடும்ப வரலாற்றை எழுதுங்கள், ஆனால் சராசரியில் நிற்காதீர்கள்

கார்வெட்டையே எடுத்துக்கொள்வோம். மாடல் வருடக் கணக்கில் ஏழு தலைமுறைகள் முறையே 10, 5, 15, 13, 8, 9, 6 வருடம் ஓடியிருக்கின்றன. முதல் ஆறைக் கூட்டி வகுத்தால் பத்து வருடம். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏழாம் தலைமுறையைக் கணித்திருந்தால் நான்கு வருடம் தவறியிருப்பீர்கள். அது 2014ல் தொடங்கி 2019ல் முடிந்தது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் எட்டாம் தலைமுறை தயாராகிக்கொண்டிருந்தது, அதனால் ஏழாவது சீக்கிரம் வழிவிட்டது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 வேறு பாடம் சொல்கிறது. முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை, இரண்டாவது 1998 முதல் 2005 வரை, மூன்றாவது 2005 முதல் 2015 வரை, நான்காவது 2015ல் வந்து பத்து வருடத்தைத் தாண்டிவிட்டது. எட்டு, எட்டுக்குக் கொஞ்சம் குறைவு, பத்து, அதற்கும் மேல். ஆயுள் நீண்டுகொண்டே போகிறது. வடிவமைப்புச் செலவு ஏறிக்கொண்டே போவதும், வாங்குபவர்கள் எஸ்யூவி பக்கம் சாய்வதும் இதற்குக் காரணம். செலவு அதிகம், விற்பனை குறைவு என்றால் போட்ட காசை எடுக்க அதிக வருடம் வேண்டும். ஆகவே பழைய தலைமுறைகளைவிடக் கடைசி இரண்டு தலைமுறைகளுக்கு அதிக எடை கொடுங்கள்.

கம்பெனியின் குணத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். லம்போர்கினியில் கல்லார்டோ 2003 முதல் 2013 வரை, ஹுராகன் 2014 முதல் 2024 வரை, அதாவது பத்துப் பத்து வருடம். ஃபெராரியின் நடு எஞ்சின் வி8 வண்டிகளில் 458 என்பது 2009ல், 488 என்பது 2015ல், எஃப்8 என்பது 2019ல் வந்தது. அங்கே நான்கு முதல் ஆறு வருடத்துக்குள் பெயர் மாறிவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்க் கம்பெனிகள், ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள். ஆனால் ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் பலிக்காது.

படி 3: ஃபேஸ்லிஃப்ட் எப்போது வந்தது?

ஒரு தலைமுறையின் நடுவில் வண்டியின் முகத்தையும் சில பாகங்களையும் புதுப்பிப்பதை ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். போர்ஷ 911ஐப் பாருங்கள். 996 தலைமுறை 1997ல் வந்தது, முகம் மாறியது 2001ல், அடுத்த தலைமுறை 2004ல். 997 வந்தது 2004ல், முகம் மாறியது 2008ல், அடுத்தது 2011ல். 991 வந்தது 2011ல், முகம் மாறியது 2015ல், அடுத்ததைக் காட்டியது 2018ல். மூன்று முறையும் முன்பாதி நான்கு வருடம், பின்பாதி மூன்று வருடம். கடிகாரம் மாதிரி.

பிறகு 992. 2018 இறுதியில் காட்டினார்கள், முகம் மாறியது 2024ல். நான்கு வருடமாக இருந்த முன்பாதி ஐந்தரை வருடம் ஆகிவிட்டது. முன்பாதி நீண்டால் பின்பாதியும் நீளும் என்பது என் அனுபவம், ஏனென்றால் ஃபேஸ்லிஃப்டுக்குச் செலவழித்த காசையும் எடுக்க வேண்டுமே. அதனால் 992க்கு மூன்று வருடப் பழைய கணக்கைப் போட மாட்டேன், நான்கு ஐந்து வருடம் போடுவேன்.

ஃபேஸ்லிஃப்ட் என்றால் பம்பரும் லைட்டும் மாறுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஸ்கிரீன், வயரிங், எலக்ட்ரானிக் பெட்டிகள் மாறினால் அது பெரிய முதலீடு. அப்படி மாற்றிய வண்டி குறைந்தது மூன்று வருடமாவது ஓடும். வெறும் புது நிறமும் புது வீலும் என்றால் அந்தத் தகவலை வைத்து எதையும் நீட்டாதீர்கள்.

படி 4: கூட ஓடுவது யார்?

டூல் ரூம் அண்ணன் சொன்ன விஷயம் இது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் எண்ணிக்கைக்குத் தனித் தொழிற்சாலை கட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் பெரும்பாலானவை ஏதோ ஒரு செடானோடோ சின்னக் காரோடோ உடலைப் பகிர்கின்றன, அல்லது லைனை, அதாவது வண்டியைக் கோக்கும் அசெம்ப்ளி வரிசையை, பகிர்கின்றன, அல்லது இரண்டையும். டாட்ஜ் சேலஞ்சர் 2008ல் வந்து 2023 டிசம்பர் வரை ஒரே தலைமுறையாகப் பதினைந்து வருடம் ஓடியது. அந்த வயது எப்படிச் சாத்தியமானது? கனடாவில் பிராம்ப்டன் தொழிற்சாலையில் டாட்ஜ் சார்ஜரும் கிரைஸ்லர் 300ம் அதே குடும்ப உடலில் கூட ஓடிக்கொண்டிருந்தன. மூன்றும் சேர்ந்து லைனை நிரப்பின. முடிந்தபோதும் மூன்றும் சேர்ந்தே முடிந்தன.

நான்காம் தலைமுறை கமாரோவும் அப்படித்தான். அதுவும் போன்டியாக் ஃபயர்பேர்டும் கியூபெக்கில் ஒரே தொழிற்சாலையில் தயாராயின. வேறு வண்டி அங்கே இல்லை. இரண்டின் விற்பனையும் சரிந்தபோது 2002ல் இரண்டு வண்டிகளோடு தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள்.

கூட ஓடுவது யார் என்று கண்டுபிடித்ததும் அடுத்த கேள்வி, இதில் வீட்டுக்காரர் யார், வாடகைக்கு இருப்பவர் யார்? ஃபியட் 124 ஸ்பைடர் ஹிரோஷிமாவில் மாஸ்டா தொழிற்சாலையில் எம்எக்ஸ்-5 உடலில் தயாரானது. அது 2016ல் வந்து 2020ல் போய்விட்டது. எம்எக்ஸ்-5 இன்னும் ஓடியது. வாடகைக்கு இருப்பவர் காலி செய்தால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருமானக் குறைவு, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வீட்டை இடித்தால் வாடகைக்கு இருப்பவரும் கிளம்ப வேண்டியதுதான். டொயோட்டா சுப்ராவும் பிஎம்டபிள்யூ இஸட்4ம் ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் மேக்னா என்ற ஒப்பந்தத் தயாரிப்பாளரிடம் சேர்ந்து உருவானவை. அங்கே இரண்டு பேருமே வாடகைக்கு இருப்பவர்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒப்பந்தக் காலம்தான் ஆயுள். ஒருவர் விலகினால் மற்றவரால் தனியாக லைனைத் தாங்குவது கஷ்டம்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு, அதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்ததை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. அதே ஹெரால்டின் சேஸியை அடிப்படையாக வைத்து பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்ட் அங்கே 1971ல் நின்றது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடியது. மூல வண்டி போன பிறகும் ஒன்பது வருடம்! அமெரிக்காவில் அதற்கு வாங்குபவர்கள் இருந்தார்கள். அதனால் 'கூட ஓடுவது நின்றது' என்ற செய்தி வந்ததும் உடனே முடிவு தேதி எழுதிவிடாதீர்கள். மிஞ்சியிருக்கும் வண்டி தனியாக லைனுக்கு வேலை கொடுக்குமா என்று பாருங்கள்.

படி 5: டைக்குப் போட்ட காசு திரும்பிவிட்டதா?

இதை ஒரு சின்னக் கணக்கால் சொல்கிறேன். ஒரு டைக்கு 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 8,000 துண்டு, ஐந்து வருடம், ஆக 40,000 துண்டு. துண்டுக்கு 50 ரூபாய் டைக் காசாகப் போகிறது. ஆறாவது வருடம் அந்த 50 ரூபாய் இல்லை. டை தேயாமல் இருந்தால், அதே துண்டு இப்போது மலிவாக வருகிறது. வண்டி முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் குறைந்த எண்ணிக்கையில் விற்றாலும் கம்பெனி ஏன் நிறுத்தாமல் இருக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

நிசான் ஜிடி-ஆர் ஆர்35 இதற்குச் சிறந்த உதாரணம். 2007ல் வந்தது, 2025 ஆகஸ்டில்தான் கடைசி வண்டி இறங்கியது. ஏறக்குறைய பதினெட்டு வருடத்தில் மொத்தம் 48,000 வண்டி அளவில்தான் செய்தார்கள். 2014 வாக்கில் நான் என் நோட்டில் இது 2017க்குள் முடியும் என்று எழுதியிருந்தேன். குடும்ப வரலாற்றை மட்டும் பார்த்து எழுதியது. காசு திரும்பிவிட்ட வண்டியை, விலையை ஏற்றிக்கொண்டே, சின்னச் சின்னத் திருத்தத்தோடு விற்க முடியும் என்பதை நான் எடைபோடவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் வழக்கமான வயதை ஒரு வண்டி தாண்டிவிட்டால், 'சரி, அடுத்த வருடம் கண்டிப்பாக முடிந்துவிடும்' என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். எட்டு வருடத்தில் முடிய வேண்டிய வண்டி பத்தாவது வருடமும் ஓடுகிறது என்றால், அதை ஓட வைக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள். அது இருக்கும் வரை வண்டியும் இருக்கும்.

படி 6: சட்டத் தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்

காசு திரும்பிய வண்டியை எது நிறுத்தும்? பெரும்பாலும் புதுச் சட்டம். புகை, சத்தம், மோதல் பாதுகாப்பு, இப்போது சைபர் பாதுகாப்பு. புது விதிக்கு வண்டியைத் தயார் செய்வது மறுபடி ஒரு மொத்தச் செலவு. கணக்குக்காக 100 கோடி என்று வையுங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் வருடத்துக்கு 5,000 வண்டி விற்கும் என்றால், வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதல் சுமை. சிறிய குடும்பக் காரில் இதே செலவு பல லட்சம் வண்டிகளில் கரைந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் கரையாது.

வரலாற்றில் இதற்கு மறக்க முடியாத மாதம் 2002 ஆகஸ்ட். ஜப்பானில் புகை விதி இறுகியது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34, சில்வியா எஸ்15, டொயோட்டா சுப்ரா ஏ80, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆகிய நான்கின் தயாரிப்பும் அந்த மாதத்தோடு முடிந்தது. நான்குக்கும் ஒரே வயது இல்லை. ஆர்34 வந்து மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, சுப்ராவுக்கு ஒன்பது வருடம். வயதைப் பார்த்துக் கணித்தவர்களுக்கு வேறு வேறு தேதி. விதியைப் பார்த்தவர்களுக்கு ஒரே தேதி.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் ஒரு வண்டி ஒரே நாளில் எல்லா இடத்திலும் முடிவதில்லை. ஆர்35 ஆஸ்திரேலியாவில் 2021ல் பக்கவாட்டு மோதல் விதியால் நின்றது. ஐரோப்பாவில் 2022ல் சத்த விதியால் நின்றது. அமெரிக்காவில் 2024ல், ஜப்பானில் 2025ல். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 யூரோ 5 புகை விதியால் 2010ல் ஐரோப்பாவை விட்டுப் போனது, ஜப்பானில் 2012 வரை இருந்தது. ஒரு பெரிய சந்தை கழன்றால் மிச்ச சந்தைகளில் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும் என்பது இந்த இரண்டிலிருந்தும் கிடைக்கும் நல்ல அளவுகோல்.

ஐரோப்பாவில் 2024 ஜூலை ஒரு பெரிய வெட்டு. சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா. விதி 155 அந்த மாதத்திலிருந்து புதிதாக விற்கும் எல்லா வண்டிக்கும் கட்டாயமானது. எலக்ட்ரானிக் அமைப்பு பழையதாக இருந்த போர்ஷ 718 அங்கே விற்பனையிலிருந்து விலகியது. பாதுகாப்பு விதிகளும் அதே சமயம் இறுகின. டொயோட்டா ஜிஆர்86ஐ ஐரோப்பாவுக்கு இரண்டே வருடம்தான் கொடுத்தார்கள். அங்கே 2022ல் வந்த புத்தம் புது வண்டி அது. அடுத்துக் குறிக்க வேண்டியது யூரோ 7. புதிய மாடல்களுக்கு 2026 நவம்பர், விற்கும் எல்லா வண்டிக்கும் 2027 நவம்பர். சட்டம் என்றால் இந்த இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏற்கெனவே ஓடும் வண்டியைத் தொடுவது இரண்டாவது தேதிதான். புதியவர்கள் முதல் தேதியைப் பார்த்துப் பதறி ஒரு வருடம் முன்னதாகவே முடிவு எழுதிவிடுவார்கள். தேதிகள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவதும் உண்டு, அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

படி 7: அறிகுறிகளை நம்பும் அளவு

ஒரகடம் சாலையிலோ ஜி.எஸ்.டி. ரோட்டிலோ கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். விற்பனைக்கு வருமுன் சோதனை ஓட்டம் போகும் வண்டி. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இதே காட்சி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் நடக்கும். புது உடலோடு ஸ்டிக்கர் வண்டி படம் வந்தால் அடுத்த தலைமுறைக்கு ஏறக்குறைய ஒன்றரை இரண்டு வருடம் என்று எடுத்துக்கொள்ளலாம். இது நல்ல அறிகுறி.

'ஃபைனல் எடிஷன்' என்ற அறிவிப்பு இன்னும் வலுவானது, தயாரிப்பு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடியும். கம்பெனித் தலைவர் பேட்டியில் 'அடுத்தது மின்சார வண்டிதான்' என்று சொல்வதை மட்டும் பாதி நம்பினால் போதும். 718க்கு அடுத்தது முழு மின்சாரம் என்றுதான் போர்ஷ சொல்லிவந்தது. 2025ல் மேல்தட்டு வகைகளில் பெட்ரோல் எஞ்சினும் வரும் என்று மாற்றிச் சொன்னார்கள். அடுத்த வண்டி தள்ளிப்போனால் இப்போதைய வண்டி தானாக நீளும் என்று நினைக்காதீர்கள். சட்டம் இடம் கொடுக்காவிட்டால் நடுவில் வெற்றிடம்தான்.

படி 8: சென்னையில் வாங்குபவர் போட வேண்டிய இரண்டாவது கணக்கு

தயாரிப்பு முடியும் தேதிக்கு முன்பே நமக்கு வண்டி முடிந்துவிடலாம். இங்கே புதிதாகப் பதிவு செய்ய வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும். அதைத் தொழிற்சாலையிலேயே செய்வது பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா சந்தைகளை நம்பித்தான். அந்த மூன்றில் வண்டி நின்றால், அமெரிக்காவுக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் நமக்குப் பயனில்லை. மஸ்டாங் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தது 2015 மாடலில்தான், அதனால்தான் 2016ல் இந்தியாவுக்கும் வந்தது. கார்வெட்டுக்கு அந்த வாய்ப்பு எட்டாம் தலைமுறையில்தான் கிடைத்தது.

2018ல் வந்த ஓர் இந்திய விதிப்படி ஒரு கம்பெனி வருடத்துக்கு 2,500 வண்டி வரை இங்கே தனிச் சோதனை இல்லாமல் இறக்கலாம், ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களின் தரத்துக்கு அந்த வண்டி ஏற்றதாக இருந்தால். ஆகவே ஐரோப்பிய விதித் தேதிகள் ஈ.சி.ஆரில் ஓடும் வண்டிகளையும் தொடுகின்றன. நோட்டில் மூன்று வரி போடுங்கள்: தொழிற்சாலை முடிவு, வலப்பக்க ஸ்டியரிங் முடிவு, இந்திய விற்பனை முடிவு. மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் படி 4ஐ இன்னொரு முறை படியுங்கள். ஆடி டிடியின் மூன்றாம் தலைமுறை 2023ல் முடிந்தது. ஆனால் அதன் அடிப்படை அமைப்பு ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியாவோடு ஒரே குடும்பம். இவை இரண்டும் நம் ஊரில் நிறையவே ஓடின. அதனால் பல இயந்திரப் பாகங்களுக்கு வழி இருக்கிறது. தனி உடலோடு வந்த வண்டியில் ஒரு சஸ்பென்ஷன் துண்டுக்குக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

படி 9: ஒரு தேதி எழுதாதீர்கள், ஒரு வரம்பு எழுதுங்கள்

'2028ல் முடியும்' என்று எழுதினால் சரி அல்லது தப்பு, அதிலிருந்து எதுவும் கற்க முடியாது. 'பத்தில் எட்டு வாய்ப்பு, 2027க்கும் 2030க்கும் நடுவில்' என்று எழுதுங்கள். எழுதிய தேதியையும் காரணத்தையும் போடுங்கள். அப்புறம் திருத்தலாம், ஆனால் பழையதை அழிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வண்டி முடிந்த பிறகு எண்ணிப் பாருங்கள். 'பத்தில் எட்டு' என்று எழுதியவற்றில் பாதிதான் வரம்புக்குள் விழுந்தது என்றால், உங்கள் வரம்பு குறுகல். எனக்கு முதல் சில வருடங்கள் அப்படித்தான் இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்குக் காத்திருக்காமல் பழகுவதற்கு ஒரு வழி, முடிந்துபோன வண்டியை எடுத்து அதன் பாதி வயதில் நிற்பதாக வைத்துக் கணிப்பது. ஹோண்டா எஸ்2000ஐ எடுத்து 2004ல் நில்லுங்கள். அந்த வருடம் வரை தெரிந்த செய்திகளை மட்டும் பயன்படுத்துங்கள். உடலைப் பகிர வேறு வண்டி இல்லை, முகம் அந்தச் சமயத்தில்தான் மாறியிருக்கிறது. வரம்பு எழுதிவிட்டு, அது 2009ல் முடிந்ததோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, என் நோட்டில் எம்எக்ஸ்-5 நான்காம் தலைமுறைக்கு 2025 தொடக்கத்தில் எழுதிய பக்கத்தை அப்படியே தருகிறேன். 'தொடக்கம் 2015. முந்தைய தலைமுறை பத்து வருடம், இது அதைத் தொட்டுவிட்டது. 2023 இறுதியில் எலக்ட்ரானிக் அமைப்பு, ஸ்கிரீன் எல்லாம் மாறின, அதாவது உண்மையான முதலீடு, குறைந்தது மூன்று வருடம் நீளும். சைபர் விதியைத் தாண்டிவிட்டது. லைனில் இவரே வீட்டுக்காரர், கூட இருந்த ஃபியட் போய் ஐந்து வருடம் ஆகியும் நிற்கவில்லை. டைக் காசு திரும்பியிருக்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் ஜப்பானும் பிரிட்டனும் இருக்கும் வரை உண்டு, இந்தியாவில் விற்பனை இல்லை. அடுத்த பெரிய தேதி 2027 நவம்பர், யூரோ 7. பத்தில் எட்டு: 2027 இறுதி முதல் 2030 வரை. பத்தில் ஒன்று: அதற்கு முன். பத்தில் ஒன்று: அதற்குப் பின். அடுத்துப் பார்க்க வேண்டியது: புது உடலோடு ஸ்டிக்கர் வண்டி படம்.'